முதலில் யார் காது கொடுக்கணும்?



பழனிக்கு முருகன் கோபிச்சுக்கிட்டுப் போனது சரியா, தப்பா? நம்ம குரூப்பில் இந்தக் கேள்வி வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வரும். தைப்பூசத்துக்கு ஒரு தடவை, பங்குனி உத்திரத்துக்கு ஒரு தடவை. உடனே ஒருத்தர் "அதெல்லாம் திருவிளையாடல், நம்ம புத்திக்கு எட்டாது" என்பார். இன்னொருத்தர் "கோபப்பட்டதாலதான் நமக்குப் பழனி கிடைச்சது" என்பார். நாலு கைகூப்பு எமோஜி, ரெண்டு 'அரோகரா', அதோட விவாதம் முடிஞ்சிடும்.

எனக்கு அது அங்கே முடியலை. கோபத்தை அடக்கணும், பொறுமையா அடுத்தவர் சொல்றதைக் கேட்கணும்னு எல்லா மதத்திலும் சொல்றாங்க. சரி. ஆனா யார் அடக்கணும்? யார் யாரைக் கேட்கணும்? இதை விட்டுட்டு 'பொறுமையா இரு' என்று மட்டும் சொன்னால், அது எப்பவுமே வீட்டில் சின்னவங்களுக்கும், ஆபீஸில் புதுசா சேர்ந்தவங்களுக்கும், மருமகளுக்கும் சொல்லும் அறிவுரையாத்தான் போய் முடியுது. பெரியவங்களைப் பார்த்து யாரும் அதைச் சொல்றதில்லை.

பழனிக் கதையையே எடுத்துக்குவோம். உலகத்தைச் சுத்தி வர்றவங்களுக்குத்தான் பழம். முருகன் மயிலேறிக் கிளம்பிட்டான். (சூரசம்ஹாரத்துக்கு முன்னாடி மயில் எப்படி வந்ததுன்னு கமெண்டில் ஆரம்பிக்காதீங்க, அது தனிச் சண்டை.) அவன் கடலும் மலையும் தாண்டித் திரும்பி வர்றப்போ தீர்ப்பு முடிஞ்சிருக்கு. அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்திட்டார், பழம் அவர் கையில. அவர் செஞ்சதில் தத்துவம் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா களைச்சுப்போய் வந்து நிக்கிற பிள்ளையிடம் "நீ என்னப்பா பார்த்துட்டு வந்தே?" என்று ஒரு வார்த்தை கேட்டதாக நான் கேட்ட எந்தக் கதைசொல்லியும் சொல்லலை. 'நீயே பழம்' என்ற சமாதானம் பிறகுதான் வருது, அவன் மலைக்குப் போய் ஆண்டியா நின்ற பிறகு. அப்பன் தெரியாமலா செய்தான், எல்லாம் லீலைதான். ஆனா லீலைன்னா அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கணும் இல்லையா?

இதே வீட்டில் நடந்த இன்னொரு கதை சுவாமிமலை. பிரணவத்துக்குப் பொருள் தெரியலைன்னு பிரம்மாவைத் தலையில் குட்டிச் சிறையில் போட்டுட்டான் முருகன். படைப்பே நின்னுபோச்சு. சிவபெருமான் நேரா வந்து "கதவைத் திற" என்று உத்தரவு போட்டிருக்கலாம். அப்பா, அதுவும் உலகத்துக்கே அப்பா. அவர் என்ன செய்தார்? "உனக்கு அதுக்குப் பொருள் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், ஆனா கேட்கிற முறையில் கேட்டால் சொல்வேன் என்கிறான் பையன். அவர் சீடனா அமர்ந்து காதைக் கொடுத்தார். பிரம்மாவும் விடுதலை ஆனார்.

சுவாமிமலை போனவங்களுக்குத் தெரியும். அறுபது தமிழ் வருஷத்துக்கு அறுபது படி. மகன் சன்னதி மேலே, மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னதி கீழே. பையனை மேலே வச்சு அப்பா கீழே இருக்கிற கோயில் அது. நாம அந்தப் படியில் ஏறும்போது செல்ஃபி எடுக்கிறோம். அதோட அர்த்தத்தை வீட்டு ஹாலுக்குக் கொண்டு வர்றதில்லை. 'தகப்பன்சாமி' என்று கோஷம் போடுற அதே அப்பாக்கள் எத்தனை பேர் "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே" என்று சொல்றாங்க!

இதை யோசிச்சுக்கிட்டு இருந்த சமயத்தில் ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர், கிறிஸ்தவர், அவங்க சபையில் இந்த வருஷம் தவக்காலத்தில் யாக்கோபு எழுதின நிருபத்தைத் தொடர்ந்து படிச்சதாகச் சொன்னார். கோபம், கேட்பது ரெண்டைப் பற்றியும் அதில் நேரடியா இருக்குன்னார். முருகன் பக்கத்தில் பைபிள் பேச்சு எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். எனக்கும் கந்தனுக்கும் இடையில் அதனால் ஒண்ணும் குறையலை. ஐந்தே அதிகாரம், ஒரு ட்ரெயின் பயணத்தில் படிச்சிடலாம். படிச்சேன்.

முதல் அதிகாரத்திலேயே அந்த விஷயம் வருது. நிறைய கிறிஸ்தவ வீடுகளில் சுவரில் மாட்டி வைக்கிற வசனம் என்றார் நண்பர். வேகமா நடக்க வேண்டியது ஒண்ணு, மெதுவா நடக்க வேண்டியது ரெண்டு என்று அது ஒரு வரிசை போடுது. காது முந்தணும், வாய் பிந்தணும், கோபம் எல்லாத்துக்கும் பின்னாடி வரணும். நம்ம நடைமுறையில் இது அப்படியே தலைகீழ். கோபம் முதல்ல வரும், அது வாயைத் திறக்கும், காது வேலை செய்யணும்னா சண்டை முடிஞ்சு மூணு நாள் ஆகும்.

ஆனா என்னை நிறுத்தினது அந்த வசனம் இல்லை, அதுக்கு அடுத்த பக்கங்கள். ரெண்டாவது அதிகாரத்தில் ஒரு காட்சி. சபைக்குள் தங்க மோதிரம் போட்ட ஒருத்தர் நல்ல துணியோட வர்றார், அழுக்குத் துணியோட ஒரு ஏழையும் வர்றார். முதல் ஆளுக்கு நல்ல இடத்தில் நாற்காலி. ரெண்டாவது ஆளுக்கு "அங்கே நில்லு, இல்லேன்னா கால்மாட்டில் உட்காரு." இதைச் செய்கிறவர்களை யாக்கோபு கடுமையா கேட்கிறார். ஐந்தாவது அதிகாரத்தில் அறுவடை செஞ்ச கூலியாட்களுக்குக் கூலியைப் பிடிச்சு வச்சிருக்கிற பணக்காரங்களை வெளுத்து வாங்குறார். அந்தக் கூலியே கூக்குரல் போடுதாம், அறுத்தவங்களோட அழுகை ஆண்டவர் காதில் விழுந்திடுச்சாம்.

கவனிங்க. கோபத்துக்குத் தாமதிக்கச் சொன்ன அதே ஆள்தான் இங்கே இவ்வளவு கோபமா எழுதுறார். முரண்பாடா? எனக்கு அப்படித் தோணலை. யாருக்காகக் கோபப்படுறார் என்று பார்த்தால் புரியும். கூலி கிடைக்காதவன் பேச்சை யாரும் கேட்கலை, அந்தக் கேட்காமைமேல்தான் அவருக்குக் கோபம். அறுவடைக்காரனைப் பார்த்து "நீ பொறுமையா இரு, முதலாளி என்ன சொல்றார்னு முதல்ல கேளு" என்று அறிவுரை சொல்லி அவர் நிறுத்திடலை. அவனையும் பொறுத்திருக்கச் சொல்றார், ஆனா முதலாளியை வெளுத்த பிறகு. முதல் அதிகாரத்து வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டினால், இந்தப் பாதி காணாமல் போயிடுது.

நம்ம வள்ளுவரிடம் போனாலும் இதே இடத்துக்குத்தான் வர்றோம். 31-வது அதிகாரம் வெகுளாமை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியிருப்போம், யோசிச்சிருக்க மாட்டோம். முதல் குறளே என்ன சொல்லுதுன்னா, உன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதைத் தடுக்கிறவன்தான் உண்மையில் கோபத்தைக் காக்கிறவன். பலிக்காத இடத்தில் நீ அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கொஞ்சம் கிண்டலாவே கேட்கிறார். மேனேஜர்கிட்ட வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எரிஞ்சு விழறவன் 'நான் ஆபீஸில் ரொம்ப பொறுமைசாலி' என்று சொல்லிக்க முடியாது. அவன் பொறுமையைச் சோதிக்கிற இடம் அம்மாதான். அடுத்த குறளில் பலிக்காத இடத்துக் கோபமும் கெடுதல்தான் என்கிறார், அதையும் மறைக்கக் கூடாது. ஆனா பலிக்கிற இடத்துக் கோபத்தைவிடக் கெட்டது வேறே இல்லை என்று அங்கேயும் எடையை மேலே இருக்கிறவன் தலையில்தான் வைக்கிறார்.

எங்க மேல்மலையனூரிலிருந்து பஸ் ஏறினால் செஞ்சி. மூணு மலையும் சேர்ந்து நிக்கிற கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு ரீல்ஸ் எடுக்கிற கூட்டம் அதிகமாயிடுச்சு. கல்யாண மகால் முன்னாடி டான்ஸ் ஆடுறாங்க, ஆடட்டும். அந்தக் கோட்டையில் இருந்து ஆண்ட ஒருத்தரோட கோபம் பற்றி ஒரு பழைய பதிவு இருக்கு, அது ரீல்ஸில் வராது.

1590-களின் கடைசியில் செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். வைணவர். சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் சன்னதி இருக்கு, அதைப் புதுப்பிச்சு விரிவாக்க அவர் வேலை ஆரம்பிச்சார். சிவன் கோயில் அர்ச்சகர்கள் எதிர்த்தாங்க. வேலையைத் தொடர்ந்தால் கோபுரத்திலிருந்து விழுந்து உயிரை விடுவோம்னு சொன்னாங்க. நாயக்கர் கேட்கலை. அந்தச் சமயம் அந்த ஊர் வழியா வந்த நிக்கோலஸ் பிமெந்தா என்ற போர்ச்சுக்கீசிய சேசு சபைக் குரு இதைக் கடிதத்தில் எழுதி வச்சிருக்கார். சுமார் இருபது பேர் கோபுரத்திலிருந்து குதிச்சுச் செத்தாங்க. அதைக் கேட்டும் நாயக்கர் மனசு இளகலை, கோபம்தான் ஏறிச்சு. மீதிப் பேரைச் சுடச் சொன்னார். ரெண்டு பேர் குண்டடிபட்டு இறந்தாங்க, மத்தவங்க கலைஞ்சு போனாங்க.

அதே பிமெந்தா அப்புறம் செஞ்சிக்கு வந்து அதே நாயக்கரைச் சந்திக்கிறார். நல்ல மரியாதை கிடைக்குது. லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் எந்த ஊரும் செஞ்சி அளவுக்குப் பெருசில்லைன்னு ஊரைப் புகழ்ந்து எழுதுறார்.

இதில் ஒரு பக்கம் மட்டும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. நமக்குக் கிடைச்சிருக்கிறது வெளியிலிருந்து வந்த ஒருத்தரோட பார்வை. அவர் ஆளுங்க வச்சிருந்த கோவாவில் அப்போ மதவிசாரணை மன்றம் நடந்துக்கிட்டிருந்தது, 1560-ல் ஆரம்பிச்சது. கேட்கிறதைப் பற்றிப் பாடம் எடுக்க அவங்களுக்கும் பெரிய தகுதி இல்லை. நாயக்கருக்குப் பக்தி இருந்தது, அர்ச்சகர்களுக்கும் இருந்தது. பக்தி குறைஞ்சதால நடந்த விஷயம் இல்லை இது. பக்தியில் வர்ற கோபத்துக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. நான் எனக்காகக் கோபப்படலை, சாமிக்காகப் படுறேன் என்று சொல்லிக்கலாம். அப்போ எதிரே இருக்கிறவன் சொல்றதைக் கேட்கிறதே துரோகம் மாதிரி தெரியும். ஆனா நாயக்கர் கையில் படை இருந்தது, துப்பாக்கி இருந்தது, வேலையை ஒரு மாசம் நிறுத்தி உட்கார்ந்து பேசினால் அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. கோபுரத்தின் மேலே ஏறி நின்னவங்க கையில் அவங்க உடம்பைத் தவிர ஒண்ணும் இல்லை. கேட்காதவனிடம் பேச வேறே வழி இல்லாதப்போ மனுஷன் உடம்பை வச்சுப் பேசறான். இதை இன்னைக்கும் கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் மண்ணெண்ணெய் கேனோட வர்றவங்ககிட்ட பார்க்கிறோம்.

எங்க தொழிலில் இதுக்கு ஒரு சின்ன உதாரணம். பக்கத்து டீமில் நடந்தது. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு ரிலீஸ் மீட்டிங்கில், இந்த ஸ்கிரிப்ட் ஓடும்போது டேபிள் லாக் ஆயிடும், பேமெண்ட் நின்னு போகும்னு சொல்ல வந்தது. பாதி வாக்கியத்திலேயே "அதை அப்புறம் தனியா பேசிக்கலாம்" என்று மேனேஜர் முடிச்சு வச்சார். அப்புறம் யாரும் பேசலை. சனிக்கிழமை ராத்திரி சரியா அதேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காலில் மேனேஜர் கத்தின கத்து, மியூட்டில் இருந்தவங்களுக்குக்கூட காது வலிச்சிருக்கும். "ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டாரே, அதுதான் உச்சம்.

இது பேமெண்ட்டோட போச்சு. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் மூடுபனியில் ரெண்டு ஜம்போ விமானம் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தாங்க. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் ரொம்ப அனுபவசாலி, கம்பெனியில் பெரிய பெயர். ஏற்கெனவே பல மணி நேரம் தாமதம், அவசரம். ஓட ஆரம்பிச்ச பிறகு காக்பிட்டில் இருந்த ஃபிளைட் இன்ஜினியர், இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு வெளியே போயிடுச்சான்னு சந்தேகமா கேட்டார். கேப்டன் போயிடுச்சுன்னு அழுத்திச் சொல்லிட்டு ஓட்டினார். அந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் விமானத் துறை ஒரு முடிவுக்கு வந்தது. கீழே இருக்கிறவங்களுக்குத் தைரியமா பேசப் பயிற்சி, மேலே இருக்கிறவங்களுக்குக் கேட்கப் பயிற்சி. கேட்கிறது ஒரு குணம், சிலருக்குப் பிறவியிலேயே வரும் என்று அவங்க விட்டு வைக்கலை. கேப்டனை வகுப்பில் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. சுவாமிமலையில் நடந்ததும் ஒரு விதத்தில் அதுதானே.

இப்போ கஷ்டமான பக்கத்துக்கு வர்றேன். மேலே இருக்கிறவங்க கேட்கலைன்னா, கீழே இருக்கிறவங்க கோபத்தை என்ன செய்றது?

ஒரு பெண்மணி பற்றிச் சொல்லணும். கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒடிசாவில் பாரிபதாவில் கணவர் கிரஹாமோடு தொழுநோயாளிகளுக்காக வேலை செஞ்சவங்க. 1999 ஜனவரி 22 ராத்திரி மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள்ளே தூங்கிக்கிட்டிருந்த கிரஹாமையும் ரெண்டு மகன்களையும் ஒரு கும்பல் வண்டியோட எரிச்சுக் கொன்னுடுச்சு. பெரியவன் பிலிப்புக்கு 10 வயசு, சின்னவன் தீமோத்திக்கு 6. மதம் மாத்துறார்னு குற்றம் சாட்டின கும்பல். நம்ம மதத்தைக் காப்பாத்துறோம்னு சொல்லிச் செஞ்ச காரியம். இந்த வரியைத் தாண்டிப் போயிடாம ஒரு நிமிஷம் நின்னு படிங்க.

கிளாடிஸ் மன்னிக்கிறேன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஊருக்குப் போகலை. மகள் எஸ்தரோடு அங்கேயே இருந்து 2004 வரைக்கும் அதே நோயாளிகளோடு வேலை செஞ்சாங்க. 2005-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அவங்க மன்னிச்சதால வழக்கு நிக்கலை. நீதிமன்றம் அதோட வேலையைச் செஞ்சது, முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. கோபத்தை விடுறதும் நீதியை விடுறதும் வேற வேற என்று அங்கே தெளிவா தெரியுது.

கிறிஸ்தவ வாழ்க்கையில் கோபத்தை அடக்கிறதுக்கு நம்ம நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை. ஆனா இதை எப்படிப் பயன்படுத்துறோம்னு பார்க்கணும். "பார், அந்த அம்மா மூணு பேரை இழந்தும் பொறுத்தாங்க, உனக்கென்ன?" என்று புருஷன்கிட்ட அடி வாங்குற ஒரு பெண்ணிடம் சொன்னால், அது அந்த அம்மாவுக்கே செய்ற அவமரியாதை. கிளாடிஸ் கொடுத்தது தானம். தானத்தை யாரும் வரி மாதிரி வசூல் பண்ண முடியாது. எரிச்சவங்க பக்கத்து ஆள் யாராவது போய் "நீங்க மன்னிக்கணும்" என்று அவங்ககிட்ட கேட்டிருந்தால் எவ்வளவு அசிங்கமா இருந்திருக்கும்! பொறுமை கீழே இருந்து மேலே போகும்போது அது கொடை. மேலே இருந்து கீழே கட்டளையா வரும்போது அதுக்கு வேற பேர்.

அப்போ கீழே இருக்கிறவன் கோபம் எல்லாமே நியாயம்னு ஆகிடுமா? ஆகாது. கோபத்துக்குக் காரணம் நியாயமா இருக்கலாம், ஆனா கோபம் வந்ததும் நம்ம காதையும் அது அடைச்சிடுது. 2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்தி ஒரு யூடியூப் வீடியோ வந்ததே, ஞாபகம் இருக்கும். எனக்கும் வலிச்சது. புண்படுத்தணும்னே பேசுறவன் பேச்சை 'பொறுமையா கேளு' என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். திட்டுறதும் முறையிடுறதும் ஒண்ணு இல்லை. அதுக்குச் சட்டம் இருக்கு, புகார் கொடுத்தாங்க, கைது நடந்தது. பல வீடுகளில் வாசலில் வேல் கோலம் போட்டு உட்கார்ந்து கவசம் படிச்சாங்க. எனக்கு அதுதான் பிடிச்ச பதில். ஆனா அதே வாரத்தில் நம்ம குரூப்புகளில் வந்த மெசேஜ்கள்? அந்த வீடியோவுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத நாத்திகர், பக்கத்துத் தெரு பாய், கூடப் படிச்ச கிறிஸ்தவப் பையன், எல்லாருக்கும் சேர்த்து வசவு. கவசத்தில் நாம என்ன வேண்டுறோம்? தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா வேல் காக்கணும்னு கேட்கிறோம். அதில் காதும் வருது, நாக்கும் வருது. கவசத்துக்காகக் கோபப்பட்ட அந்த வாரத்தில் அந்த ரெண்டையும்தான் பல பேர் காவல் இல்லாம விட்டாங்க.

எங்க ஊர் விஷயம் ஒண்ணு. மேல்மலையனூர் அங்காளம்மன் உக்கிரமான தெய்வம். மாசியில் மயானக் கொள்ளை பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சிவன் கையில் ஒட்டின பிரம்ம கபாலத்தை அடக்கினவள் அவள். இப்படிப்பட்ட அம்மனுக்கு ஊரில் யாரும் "கோபப்படாதே தாயே, பொறுமையா இரு" என்று உபதேசம் பண்றதில்லை. அமாவாசை நடுராத்திரியில் ஊஞ்சலில் வச்சு ஆட்டுறோம், தாலாட்டுப் பாடுறோம். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் பஸ் பஸ்ஸா வந்து, மணிக்கணக்கில் மைதானத்தில் உட்கார்ந்து, அவள் ஆடி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறாங்க. கோபத்தைக் கண்டிக்காம, அது தணியுற வரைக்கும் கூடவே இருக்கிறது. பொறுமையா கேட்கிறதுன்னா என்னன்னு என்னைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வர்றது அந்த ராத்திரிதான். அம்மனுக்குச் செய்றதை வீட்டில் கோபமா இருக்கிற மனுஷிக்கு ஏன் செய்ய மாட்டேங்கிறோம் என்று மட்டும் கேட்காதீங்க, எனக்குப் பதில் தெரியாது.

முருகன் கதையிலும் கோபம் தணியுற ஊர் ஒண்ணு இருக்கு. சூரனோடு போர் முடிச்சு, வள்ளிக்காக வேடர்களோடும் போர் முடிச்சு, கோபம் தணிஞ்சு நின்ற மலை திருத்தணி. அதனால்தான் மத்த ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது. அன்னைக்கு அங்கே சுவாமிக்கு மலர் மாரி. ஆறு படைவீட்டில் ஒண்ணைச் சண்டையே போடாத படைவீடா வச்சிருக்காங்க பெரியவங்க. சூரனையும் அவன் கடைசியில் அழிச்சு ஒழிச்சிடலை, மயிலும் சேவலுமா மாத்திப் பக்கத்தில் வச்சுக்கிட்டான். சண்டை போட்டவன் தினமும் காலையில் கொடியிலிருந்து கூவுறான், இவன் கேட்டுக்கிட்டிருக்கான்.

இதை எழுதக் காரணமான ஒரு தம்பி இருக்கான். போன மாசம் தனியா மெசேஜ் பண்ணினான். "அண்ணா, எங்க அப்பா எதைச் சொன்னாலும் பொறுமையா கேளுங்கிறார். நான் பேச ஆரம்பிச்சா டிவி சவுண்டை ஏத்துறார். நான் மட்டும் ஏன் கோபத்தை அடக்கணும்?" நியாயமான கேள்வி. அப்பா செய்றது சரின்னு நான் சொல்லலை. அவருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பு, சுவாமிமலைப் பத்தியை மட்டுமாவது படிக்கச் சொல்லுன்னேன். டிவி ஓடாத நேரமா, காலையில் அவர் டீ குடிக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசிப் பாருன்னும் சொன்னேன். இது தந்திரம்தான், தத்துவம் இல்லை. சில சமயம் தந்திரம்தான் வேலை செய்யும்.

அப்புறம் பேச்சுவாக்கில் வீட்டில் யார் யார் இருக்காங்கன்னு கேட்டேன். அம்மா, அப்பா, ஒரு தங்கச்சி, பன்னிரண்டாவது முடிச்சிருக்கான்னான். "தங்கச்சி கடைசியா உன்கிட்ட என்ன பேச வந்தா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டைப்பிங், டைப்பிங்னு காட்டிச்சு. காலேஜ் பற்றி ஏதோ சொன்னா, நான் அப்போ மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தேன், சரியா கவனிக்கலைன்னு எழுதினான். போய் அதைக் கேட்டுட்டு வான்னேன். வர்ற அமாவாசைக்கு மலையனூர் வர்றானாம், அவ என்ன சொன்னான்னு நேரில் சொல்றேன்னிருக்கான்.